நெய்யா, தேங்காயெண்ணெயா, நல்லெண்ணெயா? அண்ணன் தட்டுக்கு ஐந்து ஊர்க் கணக்கு

அண்ணன் லோகோ பைலட். வயது 49. ரயில் ஓட்டுகிறவர்களுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் மருத்துவப் பரிசோதனை கட்டாயம். இந்த முறை கண், காது, ரத்த அழுத்தம் எல்லாம் தேறிவிட்டன. ரத்த அறிக்கையில் மட்டும் மூன்று எண்களுக்கு அடியில் பேனாக்கோடு விழுந்திருந்தது. ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 238, நல்ல கொழுப்பு என்று சொல்லும் எச்.டி.எல். 34, கெட்ட கொழுப்பு என்று சொல்லும் எல்.டி.எல். 131. ஓரத்தில் டாக்டர் எழுதியிருந்தது ஒரே வரி: எண்ணெயைக் குறைக்கவும்.

அன்று ராத்திரி பொன்மலைக் குவார்ட்டர்ஸில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அந்த ஒரு வரியை வைத்து வீடே பேசியது. அண்ணிக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். "எங்கப்பாவுக்கு எண்பத்தாறு வயசு தம்பி. தேங்காயெண்ணெயத் தவிர வேற எண்ணெயத் தொட்டதில்ல. இன்னைக்கும் தோப்புக்கு நடந்துதான் போறாரு" என்றார். அண்ணனுக்கு அதில் சம்மதமில்லை. பயிற்சிக்குப் போன இடத்தில் பழகிய பஞ்சாபின் லூதியானாக்காரர் ஒருவரை அவர் சாட்சிக்கு அழைத்தார். "சப்பாத்தி மேல வெண்ணெய உருண்டையா வெச்சுத் திங்கிறான். பருப்புல நெய்ய ஊத்துறான். ஆளு தூண் மாதிரி இருக்கான். நமக்கு மட்டும் ஏன் இந்தக் கேடு?" கல்லூரியில் படிக்கும் மகள் ஃபோனைக் காட்டினாள். "சித்தப்பா, ஆலிவ் ஆயில்தான் இதயத்துக்கு நல்லதாம்."

கடைசியில் அண்ணி என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்களே நாலு எடத்துல படிச்சுப் பாத்துச் சொல்லுங்க. அடுத்த மாசச் சாமான் லிஸ்ட்டுல அதையே எழுதிடுறேன்."

அதற்காகத்தான் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. அன்று ராத்திரி வீட்டில் பேசிய மூன்று பேருக்கும், டாக்டர் எழுதிய வரிக்கும் உலகத்தில் ஆளுக்கோர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்களில் நடுவயது ஆண்கள் எவ்வளவு கொழுப்பு சாப்பிட்டார்கள், எந்தக் கொழுப்பு சாப்பிட்டார்கள், பிறகு எத்தனை பேருக்கு மாரடைப்பு வந்தது என்று அறுபது எழுபது வருஷமாகக் கணக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள். அதில் கணிசமானவர்கள் ரயில்வேக்காரர்கள் என்பது எனக்கே ஆச்சரியம். ரயில்வேயில் சேர்ந்தவர் பெரும்பாலும் ஓய்வு வரை அங்கேயே இருப்பார், அவருடைய உடல்நலக் குறிப்பு ஒரே இடத்தில் கிடைக்கும், இறந்தால் பதிவாகும். ஆராய்ச்சிக்காரர்களுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

முதலில் பெரிய கணக்கு. அமெரிக்காவின் ஆன்சல் கீஸ் 1958இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வு. அமெரிக்கா, பின்லாந்து, நெதர்லாந்து, இத்தாலி, அப்போதைய யூகோஸ்லாவியா, கிரீஸ், ஜப்பான் ஆகிய நாடுகளில் 16 குழுக்கள். 40 முதல் 59 வயது வரையுள்ள ஆண்கள் மட்டும், மொத்தம் 12,763 பேர். அமெரிக்காவில் எடுத்த குழு முழுக்க ரயில்வே ஊழியர்கள். ரோமில் எடுத்த குழுவும் அப்படியே. மற்றவர்களில் பெரும்பாலானோர் கிராமத்து உழவர்கள், மீனவர்கள், மரம் வெட்டுகிறவர்கள்.

இந்த ஆய்வில் இரண்டு ஊர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் டாக்டர் எழுதிய அந்த ஒரு வரி போதாது என்பது தெரிந்துவிடும். ஒன்று கிரீஸின் கிரீட் தீவு. இன்னொன்று ரஷ்ய எல்லையை ஒட்டிய கிழக்குப் பின்லாந்து. இரண்டு ஊர் ஆண்களும் நாள் முழுக்க உடம்பு வலிக்க உழைத்தவர்கள். இரண்டு ஊரிலும் ஒரு நாளைக்குச் சாப்பிட்ட மொத்த சக்தியில் ஏறக்குறைய 40 சதவீதம் கொழுப்பிலிருந்து வந்தது. அளவில் வித்தியாசமே இல்லை. ஆனால் கிழக்குப் பின்லாந்து ஆண்கள் ஆய்விலேயே அதிகமாக மாரடைப்பில் இறந்தவர்களில் முன்வரிசை. கிரீட் ஆண்கள் ஆகக் குறைவாக இறந்தவர்கள்.

வித்தியாசம் கொழுப்பின் வகையில் இருந்தது. பின்லாந்துக்காரர் தட்டில் வெண்ணெய், முழுக் கொழுப்புப் பால், பன்றிக் கொழுப்பு. அவருடைய சக்தியில் 20 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, அதாவது எல்.டி.எல்.லை ஏற்றுகிற வகை. கிரீட்காரர் தட்டில் ஆலிவ் எண்ணெய், கூடவே கீரை, அவரை வகைகள், பழம், கோதுமை ரொட்டி, கொஞ்சம் மீன், எப்போதாவது இறைச்சி. நிறைவுற்ற கொழுப்பு சுமார் 8 சதவீதம். நாம் எண்ணெய் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிற பொருளுக்குள் இவ்வளவு தூரம் இருக்கிறது.

கிரீட் கணக்கிலும் ஓட்டை உண்டு. அங்கே உணவுக் கணக்கு எடுத்த நாட்களில் ஒரு பகுதி ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் வந்துவிட்டது. இறைச்சியும் பாலும் தவிர்க்கிற நாட்கள் அவை. ஊருக்கு ஊர் ஒப்பிடுகிற ஆய்வுகள் காரணத்தை நிரூபிக்காது என்பதும் சரியான விமர்சனம். பின்லாந்து ஆண்கள் புகையும் நிறையப் பிடித்தார்கள். ஆனால் இந்தக் கதைக்கு இரண்டாம் பாகம் இருக்கிறது. எனக்கு நம்பிக்கை கொடுத்தது அந்த இரண்டாம் பாகம்தான்.

கிழக்குப் பின்லாந்தில் வடக்குக் கரேலியா என்று ஒரு மாகாணம். வீட்டுக்கு வீடு நடுவயது ஆண்கள் சரிந்துகொண்டிருந்ததால் அந்த மக்களே 1971இல் அரசாங்கத்திடம் மனு கொடுத்தார்கள். 1972இல் திட்டம் தொடங்கியது. பெக்கா பூஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமை ஏற்றார். அப்போது அங்கே பத்தில் ஒன்பது பேர் ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டார்கள். ஆண்களில் பாதிப் பேர் புகைபிடித்தார்கள். ஆண்களின் சராசரி கொலஸ்ட்ரால் 265க்குப் பக்கத்தில். திட்டக்காரர்கள் "சாப்பிடாதே" என்று சொல்லி விட்டுவிடவில்லை. ஊர்ப் பெண்கள் சங்கங்களோடு சேர்ந்து பழைய குழம்பையே காய்கறி கூட்டி, கொழுப்புக் குறைத்துச் சமைத்துக் காட்டினார்கள். இறைச்சிக் கடைக்காரர்களிடம் பேசித் தொத்திறைச்சியில் கொழுப்பைக் குறைக்க வைத்தார்கள். பால் விற்றுப் பிழைத்தவர்களின் வயிற்றில் அடிக்காமல், அந்தக் குளிரிலும் விளையும் பெர்ரிப் பழச் சாகுபடிக்கு வழி காட்டினார்கள். சமையலுக்கு உள்நாட்டிலேயே விளைகிற கடுகு இனத்து எண்ணெய் ஒன்று வெண்ணெய் இடத்துக்கு வந்தது. சுமார் முப்பத்தைந்து வருஷத்தில், உழைக்கும் வயதிலுள்ள ஆண்களின் மாரடைப்புச் சாவு 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. புகையும் ரத்த அழுத்தமும் குறைந்ததற்கும் அதில் பங்குண்டு. பெரிய பங்கு கொலஸ்ட்ரால் இறங்கியதற்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதை அண்ணியிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "அவங்க ஆலிவ் எண்ணெயா வாங்குனாங்க?" இல்லை. தங்கள் ஊரில் விளைந்ததையே எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பதில் பின்னால் நமக்கு வேண்டியிருக்கும்.

சரி, அண்ணனின் பஞ்சாப் கட்சிக்கு வருவோம். இதை நான் லேசில் தள்ளிவிட நினைத்துத்தான் தேடினேன். தள்ள முடியவில்லை. மேற்கு ரயில்வேயில் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த எஸ். எல். மல்ஹோத்ரா 1967இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. இந்திய ரயில்வேயில் வேலை பார்த்த 18 முதல் 55 வயது வரையிலான பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் இறப்புப் பதிவுகளை ஐந்து வருஷத்துக்கு எடுத்து, மண்டலம் மண்டலமாகப் பிரித்துப் பார்த்தார். தெற்கே மாரடைப்புச் சாவு வடக்கைப் போல் ஏறக்குறைய 7 மடங்கு. இறந்தவர்களின் சராசரி வயது தெற்கே 44, வடக்கே 52. கொழுப்புக் கணக்கோ நேர் தலைகீழ். பஞ்சாப் ஆண்கள் தென்னிந்திய ஆண்களைவிட 8 முதல் 19 மடங்கு வரை கொழுப்பு அதிகம் சாப்பிட்டார்கள், அதுவும் பெரும்பாலும் பால், தயிர், நெய் வழியாக. மதராஸ் பக்கத்து ரயில்வேக்காரர் தட்டில் அரிசிச் சோறு மலையாக இருந்தது. கொழுப்பு சொற்பம், அந்தச் சொற்பமும் வித்து எண்ணெய்.

அப்பாவும் ரயில்வேதான். அந்தக் காலத்தில் இதே பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்தவர். அந்த 44 என்ற எண்ணை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து வெளியே நின்றுவிட்டு வந்தேன்.

ஆனால் இதை வைத்து நெய் டப்பாவைத் திறந்துவிட முடியாது. மல்ஹோத்ரா கையில் இருந்தவை இறப்புப் பதிவுகள். ஒவ்வொரு ஆளும் என்ன சாப்பிட்டார், அவருக்கு என்ன ஆனது என்று கூடவே போய்ப் பார்த்த ஆய்வு அல்ல. பஞ்சாப் தட்டில் நெய் மட்டும் இல்லை. தவிடு நீக்காத கோதுமைச் சப்பாத்தி, கொண்டைக்கடலை, ராஜ்மா, கீரை, கடுகெண்ணெய், மோர் எல்லாம் இருந்தன. வயலில் நாள் முழுக்க உழைத்த குடும்பத்துப் பிள்ளைகள் அவர்கள். இதில் எது காத்தது என்று அந்தக் கணக்கு சொல்லாது. இன்றைய பஞ்சாப் அந்தப் பஞ்சாபும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மாநிலம் மாநிலமாக நடத்தி 2023இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், நாட்டிலேயே உயர் ரத்த அழுத்தம் அதிகமுள்ள மாநிலமாகப் பஞ்சாப் நிற்கிறது: 51.8 சதவீதம். டிராக்டர் வந்த பிறகும் நெய் அதே அளவில் இருந்தால் கணக்கு மாறத்தானே செய்யும்? என்ஜினுக்குள் எட்டு மணி நேரம் உட்கார்ந்தே இருக்கிற அண்ணனுக்கு 1960இன் பஞ்சாப் உழவர் அளவு நெய் பொருந்தாது.

நான் மல்ஹோத்ராவிடமிருந்து எடுத்துக்கொண்டது வேறொன்று. கொழுப்பைக் குறைத்தால் மட்டும் இதயம் காப்பாற்றப்பட்டுவிடும் என்றால், அன்றைய மதராஸ் ரயில்வேக்காரர்தான் இந்தியாவிலேயே பாக்கியசாலியாக இருந்திருக்க வேண்டும். அவர் அப்படி இல்லை.

கொழுப்பு மிகக் குறைவாகச் சாப்பிட்டும் மாரடைப்பு அரிதாக இருந்த ஊர் எதுவுமே இல்லையா? இருக்கிறது. ஏழு நாடுகள் ஆய்வில் ஜப்பானின் தானுஷிமாரு என்ற உழவர் கிராமம். மொத்த சக்தியில் கொழுப்பு 9 சதவீதம்தான். மாரடைப்பு மிகக் குறைவு. அவர்களும் அரிசிச் சோற்றுக்காரர்கள்தான். ஆனால் பக்கத்தில் மீன், சோயா, காய்கறி, கடற்பாசி, இடுப்பொடிய வயல் வேலை, ஒல்லியான உடம்பு. அதோடு உப்புப் போட்ட ஊறுகாய்களும் அதிகம். அந்தக் காலத்து ஜப்பானில் மூளை ரத்தக்குழாய் வெடித்துப் பக்கவாதத்தில் இறந்தவர்கள் ஏராளம். இதயம் தப்பியது, தலை தப்பவில்லை. இந்த வழி அண்ணனுக்கு வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

முக்கியமான காரணம் அவருடைய அறிக்கையிலேயே இருக்கிறது. எல்.டி.எல். 131 என்பது கொஞ்சம் கூடுதல். ஆனால் ட்ரைகிளிசரைடு 238, எச்.டி.எல். 34 என்ற ஜோடிதான் நம் ஊர் ஆண்களின் தனி அடையாளம். வெள்ளை அரிசி, மைதா, சர்க்கரை கூடக் கூட, கல்லீரல் அந்த மிச்சத்தை ட்ரைகிளிசரைடாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது, எச்.டி.எல். கூடவே இறங்குகிறது. டாக்டர் சொன்னபடி அண்ணன் எண்ணெயைக் குறைத்துவிட்டு, குழம்பில் ருசி போனதால் ரசம் ஊற்றி இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டால், அடுத்த அறிக்கையில் அந்த 238 இன்னும் ஏறி நிற்கும். கொழுப்பை எடுத்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பது கொழுப்பை எடுப்பதைவிடப் பெரிய கேள்வி. டாக்டர் தப்பாகச் சொல்லவில்லை, பாதி சொன்னார்.

அடுத்தது அண்ணியின் தேங்காயெண்ணெய். இதில் எனக்கு மனம் கொஞ்சம் கனத்தது, ஏனென்றால் அவர் கையால் செய்த அவியலுக்கு இணை கிடையாது. கடைசியாகப் பச்சைத் தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி விட்டு, கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டு மூடி வைத்துவிட்டு, சாப்பிட உட்காரும்போது திறப்பார். அந்த மணத்துக்கு வேறெந்த எண்ணெயும் ஈடாகாது.

தேங்காயெண்ணெயில் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. நெய்யில்கூட அறுபதுக்குச் சற்று மேல்தான். ஆனால் தேங்காயெண்ணெயில் பாதிக்குப் பக்கத்தில் லாரிக் அமிலம், அது எச்.டி.எல்.லையும் கொஞ்சம் ஏற்றும். பசிபிக் கடலில் டோக்கலாவ், புகாபுகா என்ற தீவுகளில் தேங்காயே பிரதான உணவாக இருந்த மக்களை 1981இல் வெளிவந்த ஆய்வு விவரிக்கிறது. டோக்கலாவில் சக்தியில் 60 சதவீதத்துக்கும் மேல் தேங்காயிலிருந்து வந்தது. அவர்கள் கொலஸ்ட்ரால் புகாபுகாக்காரர்களைவிடக் கூடுதல். ஆனாலும் இரண்டு தீவிலும் இதய நோய் அரிது. அண்ணியின் அப்பாவும் ஏறக்குறைய அப்படித்தான் வாழ்ந்திருக்கிறார்: தேங்காய், மீன், மரவள்ளிக்கிழங்கு, தோப்பு வேலை, நடை. அவர் எண்ணெய் டின்னிலிருந்து மட்டும் அந்த எண்பத்தாறு வரவில்லை.

தேங்காயெண்ணெய்க்கு எதிர்ப்பக்கமும் கெட்டியாக இருக்கிறது. பல பரிசோதனைகளைச் சேர்த்து 2020இல் வெளியான தொகுப்பாய்வு, மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காயெண்ணெய் எல்.டி.எல்.லை சுமார் 10 மில்லிகிராம் ஏற்றுகிறது என்று கண்டது. மேலே சொன்ன 2023 ஆய்வில் கொலஸ்ட்ரால் அதிகமுள்ளவர்கள் நாட்டிலேயே அதிகமாக இருந்த மாநிலம் கேரளம், 50.3 சதவீதம். அதற்கு இறைச்சி, பேக்கரி, பொரித்த பலகாரம் எல்லாம் சேர்ந்து காரணமாக இருக்கலாம். தேங்காயெண்ணெய் தலையில் மட்டும் கட்ட முடியாது. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்குக் கேரளத்தில் இரண்டு வருஷம் தேங்காயெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் கொடுத்துப் பார்த்ததில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றும் ஓர் ஆய்வு உண்டு. ஆக, விஷம் அல்ல. ஆனால் எல்.டி.எல். 131 இருக்கிற மனிதருக்கு அன்றாட எண்ணெயாக அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

மகளின் ஆலிவ் எண்ணெயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிரீட் கதையோடு, ஸ்பெயினில் 7,447 பேரை வைத்து நடந்த பெரிய பரிசோதனையும் அதற்குத் துணை நிற்கிறது: நல்ல ஆலிவ் எண்ணெயோ கொட்டைப்பருப்புகளோ கூட்டிய மத்தியதரைக் கடல் உணவு, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை ஏறக்குறைய 30 சதவீதம் குறைத்தது. முறையில் கோளாறு இருந்ததால் திரும்பப் பெற்று, 2018இல் திருத்தி மறுபடி வெளியிட்டபோதும் முடிவு பெரிதாக மாறவில்லை. எண்ணெய் நல்லதுதான். ஆனால் விலை, நிலக்கடலையில் ஆட்டுகிற நம் கடலெண்ணெயைப்போலப் பல மடங்கு. அதில் தாளித்த சாம்பார் சாம்பாராக இருக்காது. அண்ணி ஒரு மாசம் வாங்குவார், மூன்றாம் மாசம் பாட்டில் அலமாரியில் தூசி படிந்து நிற்கும். அந்தப் பரிசோதனையில் இன்னொரு குழுவுக்குக் கொட்டைப்பருப்பு கொடுத்தே கிட்டத்தட்ட அதே பலன் கிடைத்ததை மகளுக்குக் காட்டினேன். கொட்டைப்பருப்புக்கு நாம் கடல் தாண்ட வேண்டாம். வறுத்த நிலக்கடலை தெருமுனையில் கிடைக்கிறது.

பின்லாந்துக்காரர்கள் தங்கள் ஊர் எண்ணெயை எடுத்துக்கொண்ட மாதிரி, இனி நம் ஊர் எண்ணெய்கள். கடலெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்குள்; பாதிக்குப் பக்கத்தில், ஆலிவ் எண்ணெயில் மிகுந்திருக்கும் அதே ஒலிக் வகை. நல்லெண்ணெயில் நிறைவுற்றது 15 சதவீதம் அளவு, மீதி ஒலிக்கும், ஒமேகா 6 வகையான லினோலிக்கும் ஏறக்குறைய சமம். கூடவே எண்ணெய் சீக்கிரம் காறிப்போகாமல் காக்கிற இயற்கைப் பொருள்கள். அரிசித் தவிட்டு எண்ணெயும் இந்த வரிசையில் வரும். சூரியகாந்தி எண்ணெயில் நிறைவுற்றது இன்னும் குறைவு. ஆனால் அறுபது சதவீதத்துக்கு மேல் லினோலிக் ஒன்றே. மீனில் மிகுந்திருக்கும் ஒமேகா 3 என்ற கொழுப்பு பேருக்குக்கூட இல்லை. சென்னையில் நடந்த ஓர் ஆய்வில், நல்லெண்ணெய், கடலெண்ணெய் போன்ற பழைய எண்ணெய் வீடுகளைவிடச் சூரியகாந்தி எண்ணெய் வீடுகளில் இடுப்புக் கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்து வரும் கோளாறு கூடுதலாக இருந்தது. ஒரே நேரத்தில் எடுத்த படம் அது. எண்ணெய்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் "லேசான எண்ணெய்" என்று தாராளமாக ஊற்றுகிற பழக்கம் அந்தப் பாக்கெட்டோடு சேர்ந்தே வீட்டுக்குள் வருகிறது என்பது என் எண்ணம்.

ரேஷன் கடைப் பாமாயிலை ஏளனமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. மலிவு விலைக்குக் கிடைத்த அந்தப் பாக்கெட்டில்தான் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது. நிறைவுற்ற கொழுப்பு 40 சதவீதம் அளவு என்பதால் அண்ணனுக்கு அன்றாடத்துக்கு வேண்டாம். வாங்கும் சக்தி குறைந்த வீட்டில், அளவாக, திரும்பத் திரும்பக் காய்ச்சாமல் பயன்படுத்துவதில் குடி முழுகிப்போகாது.

கடுகெண்ணெயை மட்டும் விட மனமில்லாமல் வைத்திருந்தேன். நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு, ஒமேகா 3 பத்து சதவீதத்துக்கு மேல். டெல்லியிலும் பெங்களூரிலும் நடந்து 2004இல் வெளியான ஆய்வில் கடுகெண்ணெய்க்காரர்களுக்கு இதய நோய் குறைவாகக் காணப்பட்டது. அண்ணனின் லூதியானா நண்பரைக் காப்பது நெய்யைவிட இதுவாக இருக்கலாம். ஆனால் அந்த நெடி அண்ணிக்கு ஆகவே ஆகாது. அந்த ஒமேகா 3 வேறு வழியில் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

வகை முடிந்தது, அளவுக்கு வந்தேன். சாமான் லிஸ்ட்டை வாங்கிப் பார்த்தேன். நாலு பேருக்கு மாசம் ஆறு லிட்டர் எண்ணெய், அரைக் கிலோ நெய். ஒரு லிட்டர் எண்ணெய் 915 கிராம் வரும். ஆறு லிட்டரை நாலு பேருக்கும் முப்பது நாளுக்கும் வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 46 கிராம், நெய்யைச் சேர்த்தால் 50. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சமையலில் சேர்க்கும் கொழுப்புக்கு வகுத்த அளவு, உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு 25 கிராம், நடுத்தர உழைப்புக்கு 30, கடும் உழைப்புக்கு 40. அண்ணன் கடும் உழைப்பாளியைத் தாண்டிச் சாப்பிடுகிறார். இதில் வெளியூரில் ஓட்டுநர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் சாப்பிடுவதும், ஸ்டேஷன் வாசல் பரோட்டாவும் சேரவில்லை. அந்தக் கடைகளில் நாள் முழுக்கக் காயும் எண்ணெயைப் பற்றித்தான் எனக்கு உண்மையான பயம். தொழிற்சாலைக் கொழுப்புகளில் ட்ரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 2022 ஜனவரி முதல் சட்டம் இருக்கிறது. கருத்துப்போன வாணலியை அந்தச் சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை.

அண்ணியோடு நின்று ஒரு நாள் சமையலை அளந்து பார்த்தோம். எவர்சில்வர் தூக்கிலிருந்து அவர் சாய்க்கிற ஒரு சாய்ப்பு, கரண்டியில் பிடித்தால் நாலு டீஸ்பூன். கண்ணுக்குக் கொஞ்சம்தான் தெரிந்தது. உருளைக்கிழங்கு ரோஸ்ட்டுக்கு மட்டும் மூன்று சாய்ப்பு. அண்ணிக்கே அதிர்ச்சி. "நான் கையளவா ஊத்துறேன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்" என்றார். மறுநாள் தூக்கை உள்ளே வைத்துவிட்டு, அடியில் டீஸ்பூன் போட்ட சின்னச் சம்புடம் ஒன்றை அடுப்புப் பக்கத்தில் வைத்தார்.

ஆக, நான் எழுதிக்கொடுத்த லிஸ்ட் இது. உறையூர்ப் பக்கத்துச் செக்கில் ஆட்டிய கடலெண்ணெய் இரண்டு லிட்டர், குழம்புக்கும் பொரியலுக்கும். அதே செக்கில் நல்லெண்ணெய் ஒன்றேகால் லிட்டர், தோசைக்கும் இட்லிப்பொடிக்கும் புளிக்குழம்புக்கும். எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டுகிறபோது அந்தக் கொட்டகை முழுக்க வருகிற வாசனைக்காகவே ஒரு தடவை நேரில் போய் வாங்கலாம். தேங்காயெண்ணெய் கால் லிட்டர், அவியலுக்கும் மீன்குழம்பில் கடைசியாக விடுவதற்கும் மட்டும். நெய் கால் கிலோ. எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளுக்கு 29 கிராம்.

எடுத்த இடத்தில் வைப்பதற்கு: மதியம் சோறு இரண்டு கரண்டியோடு நிற்கும், பக்கத்தில் கூட்டும் சுண்டலும் கூடும். வாரத்தில் மூன்று நாள் மத்தி அல்லது கானாங்கெளுத்தி, குழம்பாக. பொரித்தால் பயன் குறையும். டூட்டிக்குப் போகும்போது பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, உப்பில்லாமல். பரோட்டாக் கடைக்கு மாற்றாக அண்ணி கொடுத்தனுப்பும் டிபன் கேரியர். டூட்டி இல்லாத நாளில் ஒரு மணி நேர நடை. சிகரெட் அண்ணனிடம் இல்லை. இருந்திருந்தால் எண்ணெய்க்கு முன்னால் அதைத்தான் எழுதியிருப்பேன்.

லிஸ்ட்டை வாசித்த அண்ணன் நெய் வரியில் விரலை வைத்தார். "கால் கிலோதானா?"

"நாலு பேருக்கு அண்ணே. உங்களுக்கு நாளைக்கு அரை ஸ்பூன் வரும். பருப்புச் சோத்துல விட்டுக்குங்க."

அண்ணி தேங்காயெண்ணெய் வரியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை வாங்கி, கால் லிட்டர் என்பதற்குப் பக்கத்தில் "நாகர்கோவிலிலிருந்து வரும், வாங்க வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும்.